பஸ்ஸிலேயே குமரி மாவட்டம்: பையை எந்த ஊர்ல எறக்கி வைக்கிறது?

ஒரு தம்பி கேட்டிருக்காரு. கோயம்புத்தூர்ல வேலை, நாலு நாள் லீவு, முதுகுல ஒரு பெரிய பை, கார் கிடையாது, வாடகைக்கு வண்டி எடுக்கலாம்னா லைசென்ஸும் கிடையாது. பகல்ல பழைய கோட்டை, அரண்மனை, சமணர் மலைன்னு சுத்தணும், சாயங்காலம் ஆனா கூட்டமில்லாத ஒரு பீச்சுல போய் உக்காரணும், கன்னியாகுமரியில ரூம் போட்டுட்டு அரசு பஸ்ஸிலேயே இதை முடிக்க முடியுமா, முடியும்னா எந்த வரிசையில போகணும்னு கேட்டுட்டு பதினேழு இடம் லிஸ்ட்டும் போட்டிருக்காரு. கடைசியா சின்னதா, அறுபது லிட்டர் பையோட டவுன் பஸ்ல ஏத்துவாங்களான்னும் ஒரு சந்தேகம்.

வரிசை தன்னால வரும் தம்பி, பையை எந்த ஊர்ல எறக்கி வைக்கிறதுங்கிறதுதான் உங்க உண்மையான கேள்வி. அது தப்பா அமைஞ்சா பதினேழுல ஏழு கூட தேறாது. நான் இந்த மாவட்டத்துல முப்பது வருஷம் கண்டக்டரா ஓடினவன், ரிட்டயர் ஆகி சில வருஷம் ஆச்சு, அதனால பஸ் பத்தி சொல்றதை தைரியமா எடுத்துக்கலாம். சரித்திரம் அப்படி இல்ல, எனக்கு கல்வெட்டு படிக்கத் தெரியாது, மார்த்தாண்டம் போற காலை டிரிப்ல தினம் ஏறுற ஒரு தமிழ் வாத்தியார் முன் சீட்ல உக்காந்து சொல்லிச் சொல்லி காதுல விழுந்தது, அப்புறம் ஆசை வந்து லீவு நாள்ல நானே போய் பாத்தது, கொஞ்சம் வாசிச்சது, அவ்வளவுதான். எது கல்லுல இருக்கு, எது வாய்வழியா வந்ததுன்னு பிரிச்சே சொல்றேன்.

முதல்ல ஒரு தென்னை ஓலையை மனசுல நினைச்சுக்கோங்க. நடு மட்டைதான் கன்னியாகுமரி, சுசீந்திரம், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைன்னு திருவனந்தபுரம் போற மெயின் ரோடு. பழைய கட்டடம் முக்கால்வாசி இந்த மட்டையை ஒட்டினாப்லதான் இருக்கு, ராஜா காலத்துலயும் படையும் பல்லக்கும் போனது ஏறக்குறைய இதே வழிதானே, அரண்மனையும் கோட்டையும் வழியை விட்டுட்டு எங்க போகும். பீச் எல்லாம் ஓலையோட நுனி. சொத்தவிளை, மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம்னு ஒவ்வொண்ணுக்கும் மட்டையில இருந்து ஒரு ரோடு கெளம்பி கடல்ல போய் முட்டி நிக்கும். போன்ல மேப்பைப் பாத்தா முட்டத்துல இருந்து தேங்காப்பட்டணம் வரைக்கும் கடலோரமாவே ஒரு கோடு தெரியும், ரோடும் இருக்கு, ஆனா பஸ் துண்டு துண்டாத்தான் ஓடும், நம்பி நின்னா சாயங்காலம் ஒரு டீக்கடையில போயிடும். கடலோரமா ஒரே வழிங்கிறது இந்த ஊருக்கு எப்பவுமே அமையல, 1860-ல அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய்னு திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவுல படகு விட வெட்ட ஆரம்பிச்சாங்க, அதுவே கன்னியாகுமரி வந்து சேரல. அதனால ஒரு நுனியில இருந்து இன்னொரு நுனிக்கு தாவலாம்னு பிளான் போடாதீங்க, மட்டைக்கு திரும்பி வந்துதான் அடுத்த ஓலை.

இப்ப பை எங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், நாகர்கோவில். கன்னியாகுமரி மட்டையோட ஒரு முனை, அங்க ரூம் போட்டா மேற்க எங்க போகணும்னாலும் முதல்ல இருபது கிலோமீட்டர் நாகர்கோவில் வரணும், ராத்திரி அதே இருபது திரும்பணும், நாலு நாள்ல அதுவே பெரிய நேரம். நாகர்கோவில்ல இருந்து தக்கலை பதினஞ்சு கிலோமீட்டர், மார்த்தாண்டம் முப்பது சுமார், சொத்தவிளை பத்துக்குள்ள வரும். ரூம் வாடகையும் சீசன் நேரத்துல கன்னியாகுமரி மாதிரி ஏறாது. ஒரு விஷயத்தை மட்டும் கவனிச்சுக்கோங்க, நாகர்கோவில்ல பஸ் ஸ்டாண்டு ரெண்டு. வடசேரி ஸ்டாண்டுல தக்கலை, மார்த்தாண்டம், திருவனந்தபுரம், திருநெல்வேலின்னு தூர வண்டி. மீனாட்சிபுரத்துல இருக்க அண்ணா ஸ்டாண்டுல கடற்கரை ஊர்களுக்குப் போற டவுன் பஸ். ரயில்ல வந்தீங்கன்னா ஜங்ஷன் கோட்டாறுல இருக்கு, அண்ணா ஸ்டாண்டு அங்க இருந்து கிட்ட. ரெண்டு ஸ்டாண்டுக்கும் நடுவுல ரூம் கிடைச்சா நடந்தே ரெண்டுக்கும் போயிடலாம். மூணு ராத்திரியில ரெண்டு இங்க, கடைசி ராத்திரி மட்டும் கன்னியாகுமரி, அது ஏன்னு பின்னால சொல்றேன்.

முதல் நாள் தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலையில இருந்து ரெண்டு கிலோமீட்டர், அது தமிழ்நாட்டுக்குள்ள இருந்தாலும் பாத்துக்கிறது கேரளா தொல்லியல் துறை, 1956 நவம்பர் 1-ல எங்க மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தபோதும் அரண்மனை அவங்க கையிலேயே நின்னுடுச்சு. திங்கக்கிழமை லீவு. இதை தடிச்ச எழுத்துல போடணும்னு இருக்கு எனக்கு, காரணம் ஒரு தப்பு என் பேர்ல இருக்கு. சர்வீஸ்ல சேந்த புதுசு, மதுரைப் பக்கம் ரெண்டு பையன்க முதுகுல பையோட ஏறினாங்க, அரண்மனைக்கு எங்க எறங்கணும்னு கேட்டாங்க, நான் பெருமையா எங்க ஊர் அரண்மனை அப்படி இப்படின்னு வழி பூரா அளந்து, தக்கலையில வண்டியை நிறுத்தி கை காட்டி அனுப்பினேன். மத்தியானம் திரும்பி வர்ற டிரிப்ல அதே ரெண்டு பேரும் அதே பையோட ஏறுறாங்க, முகம் வாடிப் போயிருக்கு. "அண்ணாச்சி, இன்னைக்கு திங்கக்கிழமைன்னு உங்களுக்கு தெரியாதா?"ன்னான் ஒருத்தன். தெரியும், ஆனா வாயில வரல. நாகர்கோவில் வந்ததும் டீ வாங்கிக் குடுத்தேன், வேற என்ன செய்ய. அதனால உங்க முதல் நாள் திங்களா விழுந்துச்சுன்னா இந்த நாளையும் அடுத்த நாளையும் மாத்திப் போட்டுக்கோங்க.

அரண்மனைக்குள்ள செருப்பு கழட்டிட்டுதான் போகணும், அது நல்லதுக்குத்தான், ஏன்னா அந்த தரையை கண்ணால பாக்கறதை விட காலால பாக்கணும். கருப்பா, கண்ணாடி மாதிரி, வெயில் காலத்துலயும் பாதம் சில்லுனு இருக்கும், ஜன்னல் அழியில இருந்து வர்ற வெளிச்சம் அதுல கோடு கோடா விழுந்து கிடக்கும். வாசல் பூமுகத்துல தொங்குற குதிரை விளக்கை எல்லாரும் நிமிந்து பாத்துட்டு நகந்துருவாங்க, நீங்க அப்படியே அண்ணாந்து நின்னு மரக்கூரையில செதுக்கியிருக்க பூவைப் பாருங்க. தாய்க்கொட்டாரம்ங்கிற பகுதியில ஒரு பலாமரத் தூண், அடியில இருந்து நுனி வரைக்கும் பூ வேலை, அதுக்கு ஒரு பத்து நிமிஷம். ஊட்டுப்புரைன்னு சாப்பாட்டு மண்டபம் ஒண்ணு, ஒரு மாடிக்கு ஆயிரம் பேர்னு ரெண்டு மாடி. அரண்மனை 1601 வாக்குல ஆரம்பிச்சது, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்துல 1740-கள்ல திருத்தி பெருசாக்கினது, 1795-ல தலைநகரம் திருவனந்தபுரம் போச்சு. இவ்வளவும் நிச்சயம். தரையில தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்தாங்கன்னு கைடு சொல்வாரு, அது இருக்கலாம், ஆனா எத்தனை முட்டைன்னு கணக்கு சொன்னா சிரிச்சுட்டு நகந்துருங்க. சாரோடு அரண்மனை வரைக்கும் சுரங்கப்பாதைன்னு சொல்றதும் காலங்காலமா சொல்றது, நான் போய் வந்தேன்னு சொன்ன ஒருத்தரையும் இதுவரை பாக்கல.

அரண்மனையில இருந்து மெயின் ரோட்டுக்கு வந்து நாகர்கோவில் பக்கமா திரும்பினா புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை ரோட்டு மேலேயே இருக்கு, வனத்துறை இப்ப அதை பூங்கா மாதிரி வச்சிருக்கு. பாதிப் பேர் மானையும் மரத்தையும் பாத்துட்டு வந்துருவாங்க. உள்ள கூரை இல்லாம ஒரு சின்ன சர்ச் நிக்குது, அதுக்குள்ள டிலனாயோட கல்லறை. 1741 ஆகஸ்ட்ல குளச்சல்ல டச்சுக்காரன் தோத்தான்ல, அதுல பிடிபட்ட ஆள், அப்புறம் மார்த்தாண்ட வர்மாகிட்டயே வேலைக்கு சேந்து படையைப் பழக்கி, வலிய கப்பித்தான்னு (பெரிய கேப்டன்) பேர் வாங்கி, 1777-ல இங்கேயே செத்தாரு. கல்லறைக் கல்லுல லத்தீனும் தமிழும் ரெண்டும் வெட்டியிருக்கும், அந்த தமிழ் எழுத்தை விரல் வச்சு ஒவ்வொண்ணா கூட்டிப் படிச்சா பாதி பிடிபடும், எனக்கே பிடிபட்டுச்சு. குளச்சல் போர்ல டச்சுக்காரன் தோத்தது உண்மை, ஆசியாவிலேயே முதல் தடவை ஒரு ஐரோப்பியன் தோத்தது இங்கதான்னு மேடையில பேசறது மட்டும் கொஞ்சம் கூட்டிப் பேசறதுன்னு எங்க வாத்தியார் சொல்வாரு, நானும் அதையே சொல்றேன்.

மத்தியானம் சாப்பாடு தக்கலையில முடிச்சுட்டு கடல் பக்கம் எறங்கணும்னா திங்கள்சந்தை போற வண்டி பிடிங்க. இந்த பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, டூரிஸ்ட் யாரும் லிஸ்ட்ல போட மாட்டாங்க, ஆனா மேற்குக் கரைக்கு அதுதான் சாவி, முட்டம், மண்டைக்காடு, குளச்சல் எல்லாத்துக்கும் அங்க இருந்து பஸ் மாத்தலாம். பக்கத்துலயே இரணியல், அங்க திருவிதாங்கூருக்கு முந்தின வேணாட்டு ராஜாக்களோட பழைய அரண்மனை ஒண்ணு ரொம்ப காலம் கூரை விழுந்து செடி மூடிக் கிடந்தது, பத்மநாபபுரம் பாத்த கண்ணோட இதையும் பாத்தா ஒரு வீடு எப்படி இடிபாடா மாறுதுன்னு தெரியும். புதுப்பிக்கற வேலை எடுத்திருக்காங்க, அதனால உள்ள விடறதும் விடாததும் அன்னைக்கு அன்னைக்கு பொறுத்தது. சாயங்காலத்துக்கு நான் முட்டம்தான் சொல்வேன். செம்மண் மேடு, கீழ பாறை, ஒரு பக்கம் கலங்கரை விளக்கம், இன்னொரு பக்கம் ஊர் சர்ச். குளச்சல்ல வெற்றித்தூண் இருக்கு, அதை பாத்தே ஆகணும்னா அங்க போங்க, ஆனா அது மீன் எறக்கற கரை, உக்காந்து அஸ்தமனம் பாக்கறதை விட ஏலம் கூவறதைப் பாக்கறதுக்கு நல்ல இடம். வழியில மணவாளக்குறிச்சி வரும், கரையில மணல் கருப்பும் சிவப்புமா பட்டை பட்டையா கிடந்தா அழுக்குன்னு நினைச்சுராதீங்க, இல்மனைட், கார்னெட், மோனசைட்னு கனிமம் எல்லாம் அதுலதான். 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் இங்க இருந்து ஏத்துமதியான தேங்காய் நார்க் கயிறுல ஒட்டிட்டுப் போன மணலை வச்சுத்தான் இந்தக் கரையில மோனசைட் இருக்கறதையே கண்டுபிடிச்சாரு.

இப்ப இந்த பதில்ல நான் சொல்றதுலயே ரொம்ப முக்கியமானது. கடற்கரை ஊருக்கு கடைசி பஸ் எப்பன்னு கேக்காதீங்க. அங்க இருந்து திரும்பற கடைசி வண்டி எப்பன்னு கேளுங்க. பல ஊருக்கு ராத்திரி போற கடைசி வண்டி நைட் ஹால்ட், டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துட்டு விடியக்காலம் முதல் டிரிப்பா கெளம்புவாங்க. கடைசி பஸ் ஒம்பது மணிக்கு இருக்குன்னு ஒருத்தர் சொல்வாரு, அவர் சொல்றது பொய் இல்ல, அது போற பஸ். நீங்க அந்த நேரம் பாறையில உக்காந்துட்டு இருப்பீங்க, வண்டி வரும், நிக்கும், லைட்டை அணைச்சுரும். இதுக்கு ஒரே வழி, சாயங்காலம் எறங்கறப்பவே அந்த கண்டக்டரை "அண்ணே, அடுத்து எப்ப திரும்பி வருவீங்க, அதுக்கப்புறம் வண்டி இருக்கா?"ன்னு கேட்டு வச்சுக்கறது. கேட்டவனை ஞாபகம் வச்சிருப்போம், ஆளைக் காணோம்னா ஒரு நிமிஷம் ஹார்ன் அடிச்சுப் பாப்போம். பஸ் டைமிங் எதையும் நான் இங்க எழுத மாட்டேன், என் சர்வீஸ்லயே எத்தனையோ தடவை மாத்தியாச்சு, ஸ்டாண்டுல டைம் கீப்பர் ரூம்ல கேட்டா அன்னைக்கு உள்ளதை சொல்வாங்க. போர்டுல ஊர் பேரை மட்டும் பாத்து ஏறாதீங்க, வழியையும் பாருங்க, குளச்சல்னு ரெண்டு வண்டி நிக்கும், ஒண்ணு திங்கள்சந்தை வழி, ஒண்ணு ராஜாக்கமங்கலம் வழி, ரெண்டும் ஒரே ஊருக்குத்தான் போகும் ஆனா உங்க ஸ்டாப்பு ஒண்ணுலதான் வரும். அதே மாதிரி நடுவுல எங்கயும் நிக்காத எண்ட் டு எண்ட் வண்டியில ஏறிட்டு தக்கலையில எறக்குங்கன்னு சொன்னா கண்டக்டர் என்ன செய்வாரு.

ரெண்டாம் நாள் மார்த்தாண்டம், விடியக்காலமே கெளம்புங்க. மார்த்தாண்டத்துல, நீங்க கேட்ட சமணர் மலை இருக்க சிதறாலுக்கு வண்டி மாத்தணும், ஏழெட்டு கிலோமீட்டர்தான், ஆனா வண்டி நினைச்ச நேரத்துக்கு கிடையாது, ரொம்ப நேரம் காத்திருக்கணும்னா ஆட்டோ பிடிச்சுருங்க, இதுல கஞ்சம் பாத்தா பாறை சுட ஆரம்பிச்சுரும். ஊர்க்காரங்க மலைக்கோயில்னுதான் சொல்வாங்க, பழைய பேர் திருச்சாரணத்து மலை, சாரணர்னா சமணத் துறவி. அடிவாரத்துல இருந்து கல் பாவின பாதை, ரெண்டு பக்கமும் முந்திரி மரம், கடை எதுவும் கிடையாது, வெள்ளம் கையில வச்சுக்கோங்க (எங்க ஊர்ல குடிக்கற தண்ணி வெள்ளம்தான், கடையில கேட்டா குழம்பாதீங்க). மேல போனதும் ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஒரு இடுக்கு, ஒரு ஆள் நுழையற அகலம், அதுக்குள்ள போய் திரும்பினா பாறைச் சுவர்ல வரிசையா தீர்த்தங்கரர்கள் சம்மணம் போட்டு உக்காந்திருப்பாங்க, தலைக்கு மேல முக்குடை, மூணு அடுக்குக் குடை. பாம்பு படம் விரிச்சா அது பார்சுவநாதர். பக்கத்துல ஒரு அம்மா நிக்கிறாங்க, சிங்கமும் சின்னப் பிள்ளைகளும் கூட, அது அம்பிகை யட்சி. காலை வெயில் சாய்வா விழற நேரத்துல போனா மூக்கு, விரல், துணி மடிப்பு எல்லாம் எழும்பி நிக்கும், மத்தியானம் போனா எல்லாம் ஒரே தட்டையா தெரியும். நான் அவ்வளவு சீக்கிரம் கெளம்பச் சொல்றது இதுக்குத்தான்.

இங்க ஒரு கல்வெட்டு இருக்கு, ஆய் வம்சத்து மன்னன் விக்கிரமாதித்த வரகுணனோட 28-ம் ஆட்சியாண்டு. அதுல குணந்தாங்கிக் குரத்திகள்னு ஒரு அம்மா, அரட்டநேமி பட்டாரரோட மாணாக்கி, இங்க இருக்க பட்டாரியாருக்கு, அதாவது தெய்வத்துக்கு, பொன் நகை குடுத்த சேதி எழுதியிருக்கு. குரத்தின்னா பெண் குரு. எங்க வாத்தியார் முதல் தடவை இதை சொன்னப்ப நான் டிக்கெட் கிழிக்கறதை நிறுத்திட்டேன், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொம்பளை வாத்தியார், அவங்க பேர், அவங்க வாத்தியார் பேர், எல்லாம் எங்க ரூட்ல ஒரு மலை மேல கிடக்குது. அது எந்த வருஷம்னு கேட்டா 9-ம் நூற்றாண்டு கடைசின்னு சிலர், 10 தொடக்கம்னு சிலர், ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்தை எப்படி கணக்கு போடறாங்கங்கிறதைப் பொறுத்தது. பிற்காலத்துல இது பகவதி கோயில் ஆயிடுச்சு, முன்னாடி இருக்க மண்டபம் அந்த காலத்தது. மேல ஒரு சுனையும் இருக்கு, அங்க நின்னா கீழ ஆறும் தென்னையும் ரப்பரும் ஒரே பச்சையா தெரியும்.

நேரம் இருந்தா திருவட்டாறு, அதுக்கும் மார்த்தாண்டத்துல இருந்து அடிக்கடி வண்டி உண்டு. ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்கு படுத்திருக்காரு, மூணு வாசல் வழியா துண்டு துண்டாத்தான் பாக்க முடியும், 2022 ஜூலையில 418 வருஷம் கழிச்சு கும்பாபிஷேகம் நடந்துச்சு. ஆம்பளைங்க சட்டையை கழட்டணும், பையில ஒரு வேட்டி மடிச்சு வச்சுட்டா இங்கேயும் சுசீந்திரத்துலயும் உதவும். பக்கத்துல கால்வாய்த் தண்ணியைக் கொண்டு போற மாத்தூர் தொட்டிப்பாலம், 1966-ல கட்டினது, 115 அடி உசரம், அது இடிபாடும் இல்ல பீச்சும் இல்ல, ஆனா நடந்து பாத்தா பிடிக்கும். இது எல்லாத்தையும் ஒரே நாள்ல அடைச்சா தேங்காப்பட்டணம் போயிடும், எனக்குன்னா சிதறாலும் தேங்காப்பட்டணமும் போதும். மத்தியானம் மார்த்தாண்டத்துல சாப்பிட்டுட்டு தேங்காப்பட்டணம் பஸ்ல புதுக்கடையில எறங்கினா பார்த்திவசேகரபுரம் கிட்டத்துல, 866-ல ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் அதோட ஒரு சாலையும் கட்டினான், சாலைன்னா ரோடு இல்ல, 95 மாணவர் தங்கிப் படிச்ச இடம், அதுக்கு செப்பேடே இருக்கு. போய் பாத்தா சின்ன அமைதியான கோயில்தான், அந்த படிப்புச் சாலை தரைக்கு மேல ஒண்ணும் மிச்சமில்ல. கண்ணுக்கு ஏதாவது பெருசா தெரியணும்னு நினைச்சா இதை விட்டுருங்க. அப்புறம் தேங்காப்பட்டணம், ஆறு கடல்ல விழற இடம், தென்னந்தோப்பு, ஒரு பழைய பள்ளிவாசல். அங்க இருந்து திரும்பறப்ப மேல சொன்ன நைட் ஹால்ட் கதை ஞாபகம் இருக்கட்டும், முப்பது கிலோமீட்டருக்கு மேல திரும்பணும்.

மூணாம் நாள் காலையில நாகராஜா கோயில், ஊருக்கே பேர் குடுத்த கோயில், நடந்தே போயிடலாம். தூண்ல பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்காங்க, சமணப் பண்டிதர்களுக்கு நிலம் விட்ட 16-ம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உண்டு, நேத்து சிதறால் பாத்துட்டு இன்னைக்கு இதைப் பாத்தா ரெண்டும் ஒரு கதையா சேரும். அப்புறம் ரூமை காலி பண்ணிட்டு கன்னியாகுமரி வண்டி, வழியில சுசீந்திரம். 134 அடி கோபுரம், 18 அடி அனுமார், இசைத்தூண். மத்தியானம் நடை சாத்தற நேரத்துல மாட்டிக்காதீங்க. கடைசி ராத்திரி கன்னியாகுமரியில போடச் சொன்னது சூரிய உதயத்துக்காக, நாகர்கோவில்ல இருந்து அதுக்கு வரணும்னா நாலு மணிக்கே எந்திரிச்சு ஓடணும். நாலாம் நாள் விவேகானந்தர் பாறை (1970), திருவள்ளுவர் சிலை (2000 ஜனவரி 1, 133 அடி), ரெண்டையும் சேத்து 2024 டிசம்பர்ல தெறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், படகு கடல் கோவிச்சா ஓடாது, அதனால காலையிலேயே கியூவில நில்லுங்க. மத்தியானத்துக்கு மேல வட்டக்கோட்டை, ஆறேழு கிலோமீட்டர், ரோட்ல எறக்கி விடுவாங்க, மிச்சம் நடை. மதில் மேல ஏறினா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காத்தாலையும் மேற்குமலையும், கல்லுல பாண்டியன் மீன் சின்னம். லிஸ்ட்ல இருக்க திற்பரப்பு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை எல்லாத்தையும் அடிச்சுருங்க, நல்ல இடங்கதான், ஆனா பஸ்ல போனா மலைப்பக்கம் தனியா ரெண்டு நாள் கேக்கும். உடம்பு அசந்தா எந்த சாயங்காலமும் அண்ணா ஸ்டாண்டுல சொத்தவிளை வண்டி ஏறிடுங்க, நீள மணல், கிட்ட, திரும்ப வர்றதும் லேசு.

கடல்ல குளிக்கறது பத்தி நீங்க கேக்கல, நான் சொல்லியே ஆகணும். இங்க கள்ளக்கடல்னு ஒண்ணு உண்டு. எங்கேயோ தெற்க, இந்துமாக்கடலோட தென்கோடியில அடிச்ச புயலோட அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்து நாலஞ்சு நாள் கழிச்சு நம்ம கரையில ஏறும். வானம் தெளிவா இருக்கும், காத்து இருக்காது, அலை மட்டும் திடீர்னு கள்ளன் மாதிரி வந்து இழுத்துட்டுப் போகும். 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் பக்கம் லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவங்க அலையில மாட்டி ஒரே நேரத்துல செத்துப் போனாங்க, அன்னைக்கு எச்சரிக்கை குடுத்திருந்தாங்க. ஏப்ரல், மே மாசம் வர்றீங்கன்னா நியூஸ்ல இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையத்தோட எச்சரிக்கை பாத்துக்கோங்க, முட்டம் பாறையில ஈரமா இருக்க இடத்துல நிக்காதீங்க, ஈரம்னா அலை அங்க வரைக்கும் வருதுன்னு அர்த்தம். கரையில வலை பின்னிட்டு இருக்க பெரியவர்கிட்ட "இன்னைக்கு எறங்கலாமா?"ன்னு கேளுங்க, அவர் வேண்டாம் மக்கான்னா வேண்டாம்தான். அந்த பீச் பேரை வச்சு லெமூரியா கண்டம் இங்கதான் முங்குச்சுன்னு யாராவது ஆரம்பிச்சா, லெமூரியாங்கிறது 1864-ல ஸ்கிளேட்டர்னு ஒரு விலங்கியல்காரர் லெமூரை வச்சு கெளப்பின யூகம், அதுக்கு மேல அதை இழுக்காதீங்க.

டிசம்பர்ல இருந்து பிப்ரவரி நல்லது, ஜூன்ல இருந்து மேற்குக் கரை முரடு, ஐப்பசியில மழை. இந்த ஒரே மாவட்டத்துக்கு மீன்பிடி தடைக்காலமே ரெண்டு, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31, அந்த நாள்ல மீன் சாப்பாடு விலை ஏறும். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் கறியும் (மத்தி மீன்) கிடைக்கிற கடையைப் பாத்தா விடாதீங்க, பஸ்ஸுக்கு ரெண்டு சீப்பு மட்டிப்பழம், அது குட்டிப் பழம், மணமே தனி.

கடைசியா பை. ஏத்துவோம், ஏத்தாம என்ன. ஆனா காலை எட்டுல இருந்து ஒம்பதரை, சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சரை பள்ளிக்கூடக் கூட்டம், அந்த நேரம் மட்டும் வேண்டாம். முதுகுல பையோட படியேறி திரும்பினீங்கன்னா பின்னாடி நிக்கிற மீன்காரம்மா முகத்துல அது அடிக்கும், நான் எத்தனை சண்டை விலக்கியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். வண்டி வர்றதுக்கு முன்னாடியே பையை முதுகுல இருந்து எறக்கி கையில பிடிங்க, முன் வழியா ஏறி டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பானெட் பக்கத்துல வச்சுருங்க, சில்லறையை மட்டும் பையில வைக்காம சட்டை ஜேப்ல வச்சுக்கோங்க.